நெய்வேலிக்காரனின் பீர் புராணம்

டிஸ்கி: இது குடிக்கச் சொல்லி எழுதற பதிவு இல்லை. குடிக்காதவங்க அப்படியே இருங்க, புண்ணியமாப் போகும். வள்ளுவர் 93-வது அதிகாரத்துல கள்ளுண்ணாமைக்குன்னு பத்து குறள் ஒதுக்கியிருக்கார், அவரோட சண்டை போடற தைரியமும் எனக்கு இல்லை. இது பீரோட வரலாறு. நடுநடுவுல என் நாக்கோட வரலாறும் வந்து போகும், கண்டுக்காதீங்க.

"உனக்கு எந்த பீர் பிடிக்கும்?"னு நெய்வேலியில யாரும் என்கிட்ட கேட்டதே இல்லை. கேக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்லை. கம்பி வலைக்குள்ள கையை விட்டு "ஒரு பீரு"ன்னு சொன்னா, அன்னிக்கு எது இருக்கோ அது வரும். நாமளா கேக்கற ஒரே கேள்வி, "கூலிங் இருக்காண்ணே?". பதில் பெரும்பாலும் "இல்லப்பா". ஏப்ரல், மே மாசத்துல கேள்வியே கேக்கக் கூடாது, குடுக்கறதை வாங்கிக்கிட்டு நடையைக் கட்டணும்.

அப்புறம் பொட்டி தட்ட பெங்களூர் வந்தேன். இங்க அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊத்திக் குடுக்கற மைக்ரோபிரூவரிகள் 2011 வாக்குலேர்ந்து தெருவுக்குத் தெரு முளைச்சிருக்கு. மெனுவுல பீருக்கு மட்டுமே ஒரு பக்கம்: கோதுமை பீர், ஸ்டவுட், ஐபிஏ, பில்ஸ்னர், பெல்ஜியன் விட். ஒவ்வொண்ணையும் சின்ன கிளாஸ்ல ருசி பார்க்கக் குடுக்கறாங்க, அதுக்குக் காசு கிடையாது. நம்ம ஊர்க்காரனுக்கு இதுவே பெரிய அதிர்ச்சி. கூட வந்த மதுரைக்கார நண்பன் மெனுவை அஞ்சு நிமிஷம் முறைச்சுப் பார்த்துட்டு கேட்டான்: "மாப்ள, இதுல எது ஸ்ட்ராங்கு?"

எல்லாரும் சிரிச்சோம். ஆனா வீட்டுக்கு வந்து யோசிச்சா, அவன் கேட்டதுல சிரிக்க என்ன இருக்கு? தமிழ்நாட்டுல வளர்ந்தவனுக்கு பீர்னா ரெண்டே அளவுகோல்தான். கிக்கு, கூலிங். மணம், கசப்பு, நுரைன்னு எதுவும் கணக்குல கிடையாது. இது அவனோட நாக்கு தப்பா, இல்லை அந்த நாக்கை வளர்த்த சட்டத்தோட வேலையான்னு தோண்ட ஆரம்பிச்சேன். (தோண்டறதுதானே நம்ம ஊர்த் தொழிலே!)

முதல்ல கொஞ்சம் பாலபாடம். பீர்னா தானியத்துல காய்ச்சற சரக்கு. கள்ளு மரத்துப் பாளையில வடியற சாறு, தானா புளிக்கும். சாராயம், பிராந்தியெல்லாம் புளிச்சதைக் காய்ச்சி ஆவியைப் பிடிச்சு எடுக்கறது. பீர்ல ரெண்டு பெரிய குடும்பம் உண்டு. ஏல் வகை ஈஸ்ட் 18, 20 டிகிரியில மும்முரமா வேலை பார்க்கும், பழ வாசனை கிளப்பும். லாகர் வகை ஈஸ்ட் 10 டிகிரி பக்கத்துல சோம்பேறித்தனமா வேலை பார்க்கும். அப்புறம் அதை வாரக்கணக்குல குளிர்ல போட்டு வைக்கணும். சுத்தமா, மெலிசா, வம்பில்லாம இருக்கும். நாம கடையில வாங்கற பாட்டில் அத்தனையும், ஏறக்குறைய, லாகர்தான்.

ஆனா நம்ம மண்ணுக்கு வெள்ளைக்காரன் கொண்டு வந்தது லாகர் இல்லை. 18-ம் நூற்றாண்டுக் கடைசியில லண்டன்ல ஜார்ஜ் ஹாட்ஜ்சன்னு ஒருத்தர், போ பிரூவரின்னு ஒரு ஆலை. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் கிளம்பற இடத்துக்குப் பக்கத்துலேயே கடை. கப்பல் கேப்டன்களுக்கு சொந்த வியாபாரம் பண்ண அனுமதி உண்டு, இவர் அவங்களுக்கு நீண்ட தவணைக் கடன் குடுத்தார். வேற என்ன வேணும்? நிறைய ஹாப்ஸ் போட்ட வெளிர் நிற ஏல் பீப்பாய்ல ஏறி, நன்னம்பிக்கை முனையைச் சுத்தி, பூமத்திய ரேகையை ரெண்டு தடவை தாண்டி, மாசக்கணக்குல குலுங்கி வந்து சேர்ந்தப்போ இன்னும் ருசியா ஆயிடுச்சு. 1820-கள்ல பர்ட்டன் ஊர்லேர்ந்து ஆல்சாப் மாதிரி ஆளுங்க போட்டிக்கு வந்தாங்க. இதுதான் பின்னால இந்தியா பேல் ஏல், சுருக்கமா ஐபிஏ.

"இந்தியாவுக்குன்னே கண்டுபிடிச்ச பீர்"னு மெனு கார்டுல போட்டிருக்கற கதையை அப்படியே நம்பாதீங்க. அதிக ஹாப்ஸ் போட்டா பீர் கெடாதுங்கறது அதுக்கு முன்னாடியே இங்கிலாந்துல தெரிஞ்ச விஷயம். அது மட்டும் இல்லை, ஐபிஏ துரைமாரோட பானம். சாதாரண சிப்பாய்க்குக் கிடைச்சது போர்ட்டர்ங்கற கருப்பு பீர், அதுவும் மூட்டை மூட்டையா, சாரி, பீப்பாய் பீப்பாயா இறங்குச்சு. மதராஸுக்கு அப்போ துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். ஆணியே அடிக்காம கயித்தால தைச்ச மசூலாப் படகுல நம்ம கடலோர ஆளுங்கதான் அலையைத் தாண்டிப் போய் சரக்கை இறக்கணும். கவர்னர்லேர்ந்து கட்டில் வரைக்கும் அப்படித்தான் கரை சேர்ந்தது. பீரும் அதே வழிதான். அந்தப் படகுக்காரங்கள்ல யாராவது ஒரு பீப்பாயைத் தட்டி ருசி பார்த்திருக்க மாட்டாங்கன்னு நினைக்கறீங்க?

சொந்தக் கருத்து: எனக்கு ஐபிஏ ஒத்துவரலை. வேப்பங்கொழுந்தை ஆரஞ்சுத் தோலோட அரைச்ச மாதிரி இருக்கு. நம்ம நாட்டுப் பேரை வச்சிருக்கேன்னு ஒரு பாசத்துல நாலஞ்சு தடவை முயற்சி பண்ணிட்டேன். ம்ஹூம்.

கடல் கடந்து கொண்டு வர்றதை விட இங்கேயே காய்ச்சலாமேன்னு தோணினதும், பிரச்னை வெயில். ஐஸ் மெஷின் இல்லாத காலம். அதனால மலை ஏறினாங்க. 1855-ல எட்வர்ட் டையர்ங்கறவர் இமயமலையில கசௌலியில ஆலை வச்சார். (ஜாலியன்வாலாபாக் டயர் இருக்கானே, அவனோட அப்பாதான்.) தெற்கே நீலகிரியில ஆலைகள் வந்தது. இலங்கையில நுவரெலியா. அங்க 1849-லேயே சாமுவேல் பேக்கர்ங்கற ஆய்வுப்பயணி சின்னதா ஒரு காய்ச்சுக்கூடம் வச்சார், 1881-ல பெரிய பிரூவரியே வந்துச்சு. எல்லா இடத்துலயும் குடிகாரன் யார்னு பார்த்தீங்கன்னா பட்டாளத்துக்காரன், இல்லைன்னா தோட்டத்துரை. மலைக்கும் பீருக்கும் அவ்வளவுதான் உறவு: சும்மாவே கிடைக்கற குளிர்.

1870-கள்ல ஜெர்மனியில லிண்டே குளிர்பதன மெஷினைக் கொண்டு வந்ததும் ஆட்டம் மாறிடுச்சு. குளிர் காசுக்குக் கிடைக்குதுன்னா லாகரை எந்த ஊர்லயும் காய்ச்சலாம். உலகம் முழுக்க ஏல் பின்வாங்கி லாகர் உக்காந்தது இதனாலதான். இங்கயும் மெல்ல மெல்ல மலையிலேர்ந்து பீர் சமவெளிக்கு இறங்கிடுச்சு. 1915-ல தாமஸ் லீஷ்மன்ங்கற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவுல சிதறிக் கிடந்த ஆலைகளை ஒண்ணாச் சேர்த்து யுனைடெட் பிரூவரிஸ் ஆரம்பிச்சார். 1947-ல விட்டல் மல்லையா அதுல முதல் இந்திய இயக்குநர் ஆனார். அவர் பையன் கதை உங்களுக்கே தெரியும், அதை விடுங்க.

இப்போ நம்ம ஊர் கதைக்கு வருவோம். 1937 அக்டோபர்ல ராஜாஜி சேலம் மாவட்டத்துல மதுவிலக்கு கொண்டு வந்தார். அந்த வருமான இழப்பை ஈடுகட்டத்தான் 1939-ல விற்பனை வரி வந்துச்சு. அதாவது நாம இன்னிக்கு ஜிஎஸ்டின்னு அழறதுக்குத் தாத்தா மதுவிலக்குதான். 1948-ல ஓமந்தூரார் ஆட்சியில மாகாணம் முழுக்க வறண்டு போச்சு.

நெய்வேலி டவுன்ஷிப் பிறந்ததே இந்த வறண்ட காலத்துலதான். கம்பெனி பதிவானது 1956. சுரங்கத்தை நேரு தொடங்கி வச்சது 1957. லிக்னைட் கண்ணுக்குத் தெரிஞ்சது 1961. சோவியத் உதவியில கட்டின முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் குடுத்தது 1962. சுரங்கத்துல மண்ணை வாரிப் போடற ராட்சசச் சக்கர மெஷின்கள் ஜெர்மன்காரங்களோடது. இப்போ யோசிச்சுப் பாருங்க. ஒரு பக்கம் ஓட்கா தேசத்துக்காரன், இன்னொரு பக்கம் பீர் தேசத்துக்காரன், நடுவுல மதுவிலக்கு மாநிலம், அதுவும் வள்ளலார் இருந்த வடலூருக்கு அடுத்த வீடு! மதுவிலக்குச் சட்டத்துல வெளிநாட்டுக்காரங்களுக்கு பர்மிட் உண்டு. உடம்பு சரியில்லைன்னு டாக்டர் சீட்டு வச்சிருந்தா உள்ளூர்க்காரருக்கும் உண்டு. அந்தக் காலத்துல வேலை பார்த்த பெரியவர்கள்கிட்ட பேசினா பர்மிட் கதை ஒண்ணாவது வரும். எங்க பெரியப்பா சொல்ற கதையில ஒரு ஜெர்மன் இன்ஜினீயர் மே மாச வெயில்ல சுரங்கத்து மேட்டுல நின்னுக்கிட்டு, பாட்டில் திறக்கற மாதிரி கையாலேயே ஜாடை காட்டிச் சிரிப்பாராம். பாவம் மனுஷன். பவேரியாவுல 1516-லேயே பீருக்கு ஒரு சட்டம் இருந்தது. பார்லி, ஹாப்ஸ், தண்ணி, இது மூணைத் தவிர எதையும் போடாதேன்னு. அப்படிப்பட்ட ஊர்லேர்ந்து வந்தவர்.

பர்மிட் இல்லாதவனுக்கு பாண்டிச்சேரி. அது 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் கையில, சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தது 1962-ல. மதுவிலக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. நெய்வேலியிலேர்ந்து வடலூர், குறிஞ்சிப்பாடி, கடலூர், ஆல்பேட்டை செக்போஸ்ட் தாண்டினா முள்ளோடை. ரொம்ப தூரம் கிடையாது. ஆனா இங்க ஒரு விஷயத்தைக் கவனிங்க. செக்போஸ்ட் தாண்டிக் கொண்டு வரணும்னா எதைக் கொண்டு வருவீங்க? பன்னெண்டு பீர் பாட்டில் ஒரு பெட்டி, உருட்டற சத்தமே ஊரைக் கூட்டும். அதே போதைக்கு பிராந்தி பாட்டில் மூணு போதும், இடுப்புல சொருகிக்கலாம். திருட்டுத்தனமாக் காய்ச்சறவனுக்கும் இதே கணக்கு. பானை நிறைய கள்ளை ஒளிக்க முடியாது, அடுத்த நாளே புளிச்சுக் காடியாயிடும். சாராயத்தை டியூப்ல அடைச்சுக் கொண்டு போயிடலாம். சட்டம் இறுக இறுக சரக்கு கெட்டியாகும். லேசான சரக்குதான் முதல்ல சாகும்.

அடுத்த நாப்பது வருஷ வரலாறும் இதைத்தான் சொல்லுது. 1971 ஆகஸ்ட் 30-ம் தேதி கலைஞர் மதுவிலக்கைத் தள்ளி வச்சார். 1973-ல கள்ளுக்கடையை மூடினார், 1974-ல சாராயக்கடையை. 1981-ல எம்ஜிஆர் திறந்தார். 1983-ல மொத்த வியாபாரத்துக்கு டாஸ்மாக் வந்துச்சு. 1987 ஜனவரி 1-லேர்ந்து கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. சீமைச்சரக்குக்குத் தடை இல்லை. இந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க. கள்ளுல ஆல்கஹால் சுமார் 5 சதவீதம். கடையில தொடர்ந்து வித்த பிராந்தியில 42.8 சதவீதம். தடையானது அஞ்சு, தங்கினது நாப்பத்தி ரெண்டே முக்கால்!

எங்க அம்மா வழித் தாத்தா பண்ருட்டி பக்கம். முந்திரிக் கொல்லை வேலை முடிஞ்சு சாயங்காலம் ஒரு சொம்பு கள்ளு, வீட்டுக்கு வந்து கேழ்வரகுக் களி, தூக்கம். அவ்வளவுதான் அவர் குடி. கள்ளு போனதுக்கு அப்புறம் அவர் போன இடம் குவாட்டர். அம்மா சொல்லும்: "கள்ளு குடிச்ச அப்பா பாடும், பிராந்தி குடிச்ச அப்பா பாத்திரத்தை வீசும்". நான் பொறக்கறதுக்கு முன்னாடியே கல்லீரல் வீங்கிப் போய்ச் சேர்ந்துட்டார். கள்ளாலயும் கல்லீரல் கெடும்தான். இருந்தாலும் அஞ்சுலேர்ந்து நாப்பதுக்குத் தாவினவர் எங்க தாத்தா மட்டும் இல்லை. அந்தக் கடைசிப் படிக்குக்கூட காசு இல்லாதவன் கள்ளச்சாராயத்துக்குப் போனான். 2001-ல அதே பண்ருட்டி பக்கத்துல மெத்தனால் கலந்த சாராயத்துல அம்பது பேருக்கு மேல செத்தாங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல அறுபதுக்கும் மேல. ரெண்டும் எங்க ஊர்லேர்ந்து பஸ் ஏறினா சில மணி நேரத்துல போயிடற இடம்.

சரி, இதுக்கும் பீருக்கும் என்ன சம்பந்தம்? நேரடி சம்பந்தம். கால்குலேட்டரை எடுங்க. 650 மில்லி பாட்டில், 5 சதவீத சாதா பீர்: உள்ள இருக்கற ஆல்கஹால் 32 மில்லி சொச்சம். அதே பாட்டில் 8 சதவீத ஸ்ட்ராங் பீர்: 52 மில்லி. 180 மில்லி குவாட்டர்: 77 மில்லி. மலிவான குவாட்டரும் ஒரு பீரும் கிட்டத்தட்ட ஒரே விலைதான் விக்குது. நாள் முழுக்க வெயில்ல மண்ணு வாரிட்டு வர்ற கான்ட்ராக்ட் தொழிலாளி எதை வாங்குவார்? அவர்கிட்ட போய் பில்ஸ்னரோட நறுமணத்தைப் பத்தி வகுப்பு எடுக்க முடியுமா? அப்படியே பீர் வாங்கறவனும் காசுக்கு ஏத்த கிக்கு பார்த்து ஸ்ட்ராங்குதான் கேப்பான். கம்பெனிக்காரனும் அதைத்தான் காய்ச்சுவான். ஹேவர்ட்ஸ் 5000, கிங்பிஷர் ஸ்ட்ராங்குன்னு பேர்லயே பலத்தைக் காட்டற பீர்கள் இந்தியா முழுக்க ஜெயிச்ச ரகசியம் இதுதான். கூலிங் கேக்கறதும் அதே காரணம். நாக்கு மரத்துப் போற அளவுக்குக் குளிர்ந்தா ருசி தெரியாது, சர்க்கரையும் ஸ்பிரிட் காரமும் தெரியாம சட்டுனு இறங்கும். மதுரைக்கார நண்பன் கேட்ட கேள்வி ரொம்ப நியாயமான கணக்குப்பிள்ளைக் கேள்வி!

கொசுறா ஒரு விஷயம். பீர் பாட்டிலைத் திறந்து, தண்ணி கிளாஸ்ல தலைகீழாக் கவுத்து, "கிளிசரினை இறக்கறேன்"னு ஒரு அண்ணன் எல்லா கேங்கிலயும் இருப்பார். பாட்டில் வாயிலேர்ந்து கொழகொழன்னு நூல் மாதிரி ஒண்ணு கீழ இறங்கும். நாங்களும் வாயைப் பொளந்துக்கிட்டுப் பார்ப்போம். அது கிளிசரின் இல்லைங்க. புளிக்காத சர்க்கரை மிச்சம் இருக்கறதால பீர் தண்ணியை விடக் கொஞ்சம் கனம். கனமானது கீழ இறங்குது, லேசானது மேல ஏறுது, நடுவுல ஒளி வளையறதால நூல் மாதிரி தெரியுது. அண்ணன் இறக்கினது கிளிசரின் இல்லை, நல்ல பீரை. எட்டாங்கிளாஸ் பிசிக்ஸ்.

2003 நவம்பர் 29-லேர்ந்து சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்துச்சு. 2024-25-ல அரசுக்கு இது மூலமா வந்த வருமானம் 48,344 கோடி. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச முரண், இந்த விற்பனை அத்தனையும் நடக்கறது 1937-ம் வருஷ மதுவிலக்குச் சட்டத்துக்குக் கீழதான். துறையோட பேரே மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை. சட்டத்தோட அடிப்படை "எல்லாம் தடை, நாங்க அனுமதிக்கறதைத் தவிர". நம்ம பாஷையில சொன்னா பயர்வால்ல எல்லாத்தையும் மூடிட்டு நாலு போர்ட் மட்டும் திறந்து வச்சிருக்கறது. திறந்த போர்ட் வழியா லாரி லோடு கணக்குல காய்ச்சற ஆலை மட்டும்தான் உள்ள வர முடியும். பெங்களூர் மாதிரி சின்னதா நாலு டாங்கி வச்சுக் காய்ச்சறவனுக்கு தமிழ்நாட்டுல போர்ட்டே கிடையாது. புதுச்சேரியில இப்போ மைக்ரோபிரூவரி இருக்கு. ஆக, நல்ல பீர் வேணும்னா நெய்வேலிக்காரன் இன்னிக்கும் அதே முள்ளோடை தாண்டணும்.

இவ்வளவு நேரம் பீரை வெள்ளைக்காரன் சமாச்சாரமாவே பேசிட்டேன். இனிமேதான் மேட்டரே.

நெய்வேலி புத்தகக் கண்காட்சியில வாங்கி, ரெண்டு வருஷம் அலமாரியில தூசி குடிச்ச பத்துப்பாட்டு ஒண்ணு என்கிட்ட இருக்கு. 1889-ல உ.வே.சா. நச்சினார்க்கினியர் உரையோட பதிப்பிச்ச அதே பத்துப்பாட்டு, இது பின்னால வந்த மலிவுப் பதிப்பு. அதுல பெரும்பாணாற்றுப்படைன்னு ஒண்ணு. எழுதினவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். காஞ்சியில இருந்த தொண்டைமான் இளந்திரையன்கிட்ட பரிசு வாங்கப் போற பாணனுக்கு வழி சொல்ற பாட்டு. எந்த ஊர்ல யார் என்ன சாப்பாடு போடுவாங்கன்னு புட்டுப் புட்டு வைக்கற பாட்டு. சங்ககாலத்து புட் பிளாக்னு வச்சுக்கோங்க. அதுல ஒரு இடத்துல தோப்பின்னு ஒரு சரக்கு வருது. நெல்லுல செஞ்ச, வீட்டுல காய்ச்சின கள்ளுன்னு பொருள். இன்னொரு இடத்துல, வலைஞர் குடியிருப்பு வர்ற பகுதியில, செய்முறையே இருக்கு. என் நடையில சொல்றேன்.

அரிசியைக் களி மாதிரி குழையக் கிண்டு. வாய் அகலமான தட்டுல கொட்டி ஆற விடு. முளைகட்டின நெல்லை இடிச்சு அதுல கலந்து பிசை. ரெண்டு பகல் ரெண்டு ராத்திரி போகட்டும். வாய் கெட்டியான சாடியில பச்சை வாடை போற வரைக்கும் விளைய விடு. அப்புறம் வெந்நீர் சேர்த்து விரலால அரிச்சுப் பிழி. சைட் டிஷ், சுட்ட மீன்.

படிச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இது கள்ளு இல்லைங்க, பீர்! தானியத்துல இருக்கற மாவுச்சத்தை ஈஸ்ட் நேரடியாத் தின்னாது, யாராவது சர்க்கரையா உடைச்சுக் குடுக்கணும். முளைவிடற தானியம் அதுக்குன்னே நொதி சுரக்கும். ஐரோப்பாவுல பார்லியை முளைகட்டிக் காய வச்சு மால்ட்னு சொல்றாங்களே, அதே வேலையை இங்க நெல் முளை பார்க்குது. அதை விட முக்கியம் வரிசை. முதல்ல வேக வை, அப்புறம் ஆற வை, அதுக்கப்புறம்தான் முளையைச் சேர். கொதிக்கக் கொதிக்கச் சேர்த்தா நொதி செத்துடும், மாவு மாவாவே கிடக்கும். நொதின்னா என்னன்னே தெரியாத காலத்துல, அந்த ஆற வைக்கற ஸ்டெப்பை விடாம ஒரு கவிஞர் பாட்டுல எழுதி வச்சிருக்கார். நாங்க எழுதற டாக்குமெண்டேஷன் இதுல பாதி தெளிவா இருந்தாக்கூட போதும்.

இந்த வித்தை நம்மகிட்ட எப்போ தொலைஞ்சுதுன்னு ஒத்தைத் தேதி போட முடியாது. அரிசியில காய்ச்சற பழக்கம் மத்தவங்ககிட்ட தொலையலைங்கறது மட்டும் நிச்சயம். ஜார்க்கண்ட்ல ஹண்டியா இருக்கு, அருணாசலத்துல அபாங் இருக்கு. அசாம்ல திமாசா மக்களோட ஜூடிமாவுக்கு 2021-ல புவிசார் குறியீடே குடுத்தாச்சு. நம்ம பக்கம் நான் என் சமையலறையில பெரும்பாணாற்றுப்படையைச் செஞ்சு பார்த்தா, 1937 சட்டப்படி போலீஸ் வரலாம். இலக்கிய ஆர்வம்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

என் நாக்கு இப்போதைக்கு ரெண்டு இடத்துல நிக்குது. ஒண்ணு ஸ்டவுட். கொழும்புக்கு ஒரு புராஜெக்ட் விஷயமாப் போனப்போ, கூட வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அண்ணா லயன் ஸ்டவுட் வாங்கித் தந்தார், நுவரெலியா பிரூவரி வழி வந்தது. 8 சதவீதத்துக்கு மேல இருக்கும், ஸ்ட்ராங்குதான். ஆனா டிகாக்ஷன், கருப்பட்டி, லேசாத் தீஞ்ச சாக்லேட்டுன்னு நாக்குல ஒண்ணொண்ணா வந்து நிக்கும். "மெல்லக் குடியும் தம்பி, அது ஓடிப் போகாது"ன்னார். கூலிங் குறைச்சலாக் குடிக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததும் அவர்தான். இன்னொண்ணு ஜெர்மன் வகைக் கோதுமை பீர். மூக்குகிட்ட கொண்டு போனாலே பூவன்பழமும் கிராம்பும் மணக்கும். ரெண்டையும் யாரும் போடலை, ஈஸ்டே அந்த வாசனைகளைக் கிளப்புது. கடலூர் மாவட்டத்துக்காரனுக்கு வாழைப்பழ வாசனை பிடிக்காமப் போனாத்தான் அதிசயம்.

போன மாசம், எப்பவும் போற கடையில காய்ச்சற தம்பிகிட்ட (சேலத்துக்காரர், பயோடெக் படிச்சவர்) தோப்பி சமாச்சாரத்தைச் சொன்னேன். கண்ணு விரிஞ்சுடுச்சு. நெல் முளைக்கு பார்லி முளை அளவுக்கு வீரியம் கிடையாது, அதனால நிறையப் போடணும், நேரமும் குடுக்கணும், ஆனா நடக்கும்னார். அப்படியே உள்ள கூட்டிட்டுப் போய் மூலையில அடுக்கி வச்சிருந்த மூட்டையைக் காட்டினார். பிரிச்சுப் பார்த்தா உமி! நம்ம நெல்லு உமியேதான். கோதுமைக்கு உமி இல்லாததால கஞ்சி மாதிரி அடைச்சுக்குமாம், பீர் வடிய மாட்டேங்குமாம். அதுக்காக நெல் உமியைக் கலந்து வடிகட்டறாங்க. இத்தனை நாள் நான் குடிச்ச கோதுமை பீர் எல்லாம் நெல் உமி வழியா வடிஞ்சுதான் வந்திருக்கு.

முதலாளியைக் கேட்டு, பொங்கலுக்கு இருபது லிட்டர் மட்டும் ஒரு சின்ன பேட்ச் போட்டுப் பார்க்கலாம்னு சொல்லியிருக்கார். விரலால பிழியறதுக்கு மட்டும் சுகாதாரத் துறை ஒத்துக்காது, துணியிலதான் வடிகட்டணும். நெல்லு வாங்கறதும் மீன் சுடறதும் என் பொறுப்பு.